பக்கத்து சீட்டுக்காரி

செப்டம்பர் 18, புதன்

காலை மூன்று இட்லி, தக்காளிச் சட்னி. பதினொரு மணிக்கு டீ, சர்க்கரை இல்லாமல். மதியம் ஒரு கப் சாதம், கீரை, மோர். இரவு இரண்டு சப்பாத்தி.

தின்பதை எல்லாம் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் சர்க்கரை டாக்டர். நாற்பத்தொன்பது வயதில் எனக்கு வீட்டுப்பாடம். தனியாக நோட்டு வாங்கச் சோம்பல்பட்டு, கம்பெனி கொடுத்த டைரியை எடுத்துக்கொண்டேன். இதில் நாளுக்கு ஒரு முழுப் பக்கம். மூன்று இட்லியை எழுதி எப்படி நிரப்புவது? மற்றதையும் எழுதுகிறேன். டாக்டரிடம் காட்டும்போது முதல் வரியை மட்டும் படிக்கச் சொன்னால் போச்சு.

இன்று சின்னவர் கூட்டம் போட்டார். சின்னவர் என்றால் எங்கள் பம்ப் கம்பெனியின் முதலாளி. அவருடைய அப்பா பெரியவர் காலமாகி நான்கு வருஷம் ஆகியும் இவர் இன்னும் சின்னவர்தான். அக்டோபர் பதினொன்றாம் தேதி ஆயுத பூஜை, கம்பெனிக்கு நாற்பதாவது. வழக்கமாக ரிடையர் ஆனவர்களை மட்டும் அழைப்போம். இந்த முறை ராஜினாமா செய்துவிட்டுப் போனவர்களையும் அழைக்க வேண்டுமாம்.

பழைய ஆட்களை அழைப்பதற்குப் பெரியவர் ஒரு முறை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். போன் செய்யக் கூடாது, தபாலில் அனுப்பக் கூடாது. அழைக்கப்படுகிறவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தவர், தட்டில் வெற்றிலை பாக்கும் ஒரு சீப்புப் பழமும் வைத்து, வீட்டுக்கே போய் அழைக்க வேண்டும். பூஜையன்று வாசலில் நின்று கூட்டி வர வேண்டும். மைக்கில் இரண்டு வார்த்தை சொல்லி அறிமுகம் செய்வதும் அதே பக்கத்து சீட்தான். "ஒருத்தன் எப்படியாப்பட்டவன்னு பக்கத்துல உக்காந்தவனுக்குத்தான் தெரியும்" என்பார் பெரியவர்.

எச்.ஆர். ரகுநந்தன் பட்டியலை வாசித்தார். "டிஸ்பாட்ச், ஸ்டெல்லா. பக்கத்து சீட், கோகிலாமணி மேடம்."

நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

செப்டம்பர் 20, வெள்ளி

காலை கோதுமை உப்புமா. மதியம் வழக்கம்போல. நான்கு மணிக்கு ஒரு வடை. அரை வடை என்று எழுத நினைத்தேன், மனசு வரவில்லை.

மதியச் சாப்பாட்டில் முழுக்க இதே பேச்சு. ரிடையர் ஆனவர்களை அழைப்பதில் ஒரு சிக்கலும் இல்லை. வருவார்கள், முன்வரிசையில் உட்காருவார்கள், மெஷினை நாம் வைத்திருக்கும் லட்சணத்தைக் குறை சொல்வார்கள், பொரியும் ஸ்வீட் பாக்ஸும் வாங்கிக்கொண்டு போவார்கள். கோபித்துக்கொண்டு போனவர்களை என்ன செய்வது? முன்வரிசையா, பின்வரிசையா? ஸ்வீட் அரைக் கிலோவா, கால் கிலோவா? புது இடத்தில் சம்பளம் எவ்வளவு என்று கேட்கலாமா? "நாம கேக்கப்படாதுங்க. கேக்காட்டியும் அவிய சொல்லாம போகமாட்டாங்க" என்றார் ஸ்டோர்ஸ் மகுடேஸ்வரன். போட்டிக் கம்பெனிக்குப் போனவர்களுக்கு மஞ்சள் பேட்ஜ் குத்த வேண்டும், அசெம்பிளி பக்கம் விடக் கூடாது என்கிறார் ரகுநந்தன். பம்ப்பில் என்ன ராணுவ ரகசியமா இருக்கிறது?

மஞ்சள் பேட்ஜ் ஸ்டெல்லா ஒருத்திக்குத்தான்.

பத்தொன்பது வருஷம் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்தவள். வாடி போடி என்றுதான் பேச்சு. என் டிபன் பாக்ஸை நான் திறந்து சாப்பிட்டதாக ஞாபகமே இல்லை, அவள்தான் திறப்பாள். திறந்து முகத்தைச் சுளிப்பாள், பிறகு பாதியைத் தின்பாள். அவள் வீட்டுக்காரர் செபஸ்தியான் அண்ணனுக்கு எப்போதாவது வலிப்பு வரும். மகளுக்கு வரன் பார்க்கிற நேரம், வெளியே தெரிந்தால் வம்பு என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. என்னிடம் மட்டும்தான் சொன்னாள். பெற்ற அம்மாவுக்கே தெரியாது.

போன வருஷம் ஜூலையில் சூப்பர்வைசர் வேலை எனக்கு வந்தது. ஆகஸ்டில் அவள் எழுதிக் கொடுத்துவிட்டுப் பின் தெருக் கம்பெனிக்குப் போய்விட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜனவரியில் மகள் கல்யாணம், எனக்குப் பத்திரிகை வைக்கவில்லை. இப்படிப்பட்டவளை நான் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டுமாம். பொறாமை பிடித்தவள். வாயில் இன்னும் நன்றாக வருகிறது, டாக்டர் படித்துவிட்டால் என்ன ஆவது என்று நிறுத்துகிறேன்.

செப்டம்பர் 23, திங்கள்

ராகி தோசை இரண்டு. மகுடேஸ்வரன் மூன்று வீடு அழைத்து முடித்துவிட்டார். மூன்று வீட்டிலும் காபி, முறுக்கு. எனக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 25, புதன்

இட்லி மூன்று. ஒரு நல்ல வழி கிடைத்தது.

எங்கள் டெலிவரி வேன் இன்று ஒண்டிப்புதூர் போகிறது. ஸ்டெல்லா வீடு அங்கேதான். எதற்கு நான் பஸ் பிடித்துப் போக வேண்டும்? பழம், வெற்றிலை பாக்கு, அழைப்பிதழ் எல்லாவற்றையும் ஒரு அட்டைப் பெட்டியில் வைத்து டிரைவர் திருமூர்த்தியிடம் கொடுத்தேன். எங்கள் பிரிவில் எந்தச் சரக்கு வெளியே போனாலும் கூடவே டெலிவரி சலான் போகும். வாங்கியவர் கையெழுத்துப் போட்டு, சொல்வதற்கு ஏதாவது இருந்தால் 'குறிப்பு' என்ற இடத்தில் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். பழக்க தோஷம், கை தானாக சலானும் எழுதிவிட்டது. அழைப்பிதழ் ஒன்று, வாழைப்பழம் ஒரு சீப்பு, வெற்றிலை பாக்கு ஒரு செட்.

திருமூர்த்தி தலையைச் சொறிந்தார். "ஏனுங்க்கா, ஆளு போயில்லீங்க கூப்பிடோணும்?"

"நீங்க ஆளில்லாம ஆட்டுக்குட்டியா? போய்ட்டு வாங்க" என்றேன்.

செப்டம்பர் 26, வியாழன்

சலான் திரும்பி வந்தது. தேதி, நேரம், கையெழுத்து, எல்லாம் ஒழுங்காக. பத்தொன்பது வருஷம் இதே வேலை பார்த்தவள் அல்லவா? குறிப்பு என்ற இடத்தில் அவளுடைய குண்டு எழுத்தில் எழுதியிருந்தது:

'சரக்கு சேதமில்லாமல் வந்து சேர்ந்தது. ஆள் வந்து சேரவில்லை.'

பைலில் போட வேண்டிய சலான். கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 28, சனி

இட்லி இரண்டு. பசியில்லை.

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜெயந்தி, லீவு. காலை தோசை ஒன்று. பிறகு ஸ்டெல்லா வீட்டில் காபி, சர்க்கரையோடு. வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

புதிதாகப் பழம் வாங்கிக்கொண்டு பதினொரு மணிக்குப் போனேன். கதவைத் திறந்தவள் ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்:

"வாங்க. உள்ளே வாங்க. உக்காருங்க."

பத்தொன்பது வருஷத்தில் அவள் என்னை ஒரு தடவைகூட வாங்க என்று கூப்பிட்டதில்லை. செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது. நல்ல டம்ளர் எடுத்துக் காபி கொடுத்தாள், தட்டில் முறுக்கு வைத்தாள், மின்விசிறியைக் கூட்டி வைத்தாள். தூரத்து ஒறம்பரை வந்தால் செய்கிற உபசாரம் ஒன்று விடாமல் செய்தாள்.

செபஸ்தியான் அண்ணன்தான் பழையபடி. "வாம்மா கோகிலா, இந்தப் பக்கமே காணமேம்மா? மாப்பிள்ளை சௌக்கியமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் பக்கத்தில் இருக்கும்போது எதைப் பேசுவது? மகளின் கல்யாண ஆல்பத்தை எடுத்துக் கொடுத்தார். நாற்பது பக்கம். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கம்பெனி ஆட்கள் ஆறேழு பேர் நிற்கிற படம் ஒன்று இருந்தது. அதைச் சீக்கிரம் புரட்டிவிட்டேன்.

தட்டை நீட்டி முறைப்படி அழைத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"பாக்கலாமுங்க" என்றாள்.

வாசல் வரை வந்து வழியனுப்பினாள். அதுவும் முறைப்படி. பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. பக்கத்தில் இருந்த அம்மா, "ஏன் கண்ணு அளுகறே?" என்று கேட்டார். தூசி என்றேன்.

அக்டோபர் 4, வெள்ளி

இந்தப் பக்கத்தை டாக்டர் படிக்க வேண்டாம். கிழித்துவிடுவேன்.

போன வருஷம் ஜூன் கடைசி. சின்னவர் என்னைத் தனியாக அறைக்குக் கூப்பிட்டார். "டிஸ்பாட்சுக்கு சூப்பர்வைசர் போடோணுங்க. ஸ்டெல்லாம்மாதான் சீனியர். அவங்களுக்கே குடுத்தரலாமுங்களா? நீங்க என்ன சொல்றீங்க?"

ஆமாங்க என்று ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அவ நல்லாப் பாப்பாளுங்க சார். பாவமுங்க, ஊட்டுல அண்ணனுக்கு வலிப்பு வருதுங்க. எந்நேரம் ஓடோணுமோன்னு இருக்கறவ. பாவம்."

பாவம் என்று இரண்டு தடவை சொன்னேன். அவள் மேல் பரிதாபப்பட்டுத்தான் சொல்கிறேன் என்று எனக்கே தோன்றியது. பதினைந்து மாதமாக அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அறையை விட்டு வெளியே வந்தபோது நெஞ்சுக்குள் ஒரு குதூகலம் இருந்தது. பரிதாபப்பட்டவளுக்கு எதற்குக் குதூகலம்? செபஸ்தியான் அண்ணனுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிகம். அதற்காக ஸ்டெல்லா ஒரு நாளும் வேலையைப் போட்டுவிட்டு ஓடியதில்லை. எனக்கு அந்த சீட் வேண்டியிருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

யாருக்கும் தெரியாது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் தேதியிலிருந்து அவள் சொன்ன அந்த 'வாங்க'வையே யோசிக்கிறேன். என்னிடம் மட்டும் சொன்ன விஷயம் சின்னவர் வாயிலிருந்து வந்திருந்தால், அவளுக்குக் கணக்குப் போடத் தெரியாதா?

மதியம் என்ன சாப்பிட்டேன் என்று ஞாபகம் இல்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

காலை ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பினேன். மாத்திரை மட்டும்.

வீட்டில் பேச முடியாது என்று சர்ச் வாசலில் போய் நின்றேன். பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்தது. அவள் என்னைப் பார்த்ததும் மாதா சிலை இருக்கிற கெபிப் பக்கம் ஒதுங்கினாள்.

"எதுக்கு வந்தீங்க? அதான் கூப்ட்டாச்சில்லீங்க?"

"ஸ்டெல்லா, ஒண்ணு சொல்லோணும். போன வருசம் நான் சின்னவர்கிட்ட..."

"தெரியும்."

"என்னன்னு முழுசாக் கேளு..."

அவ்வளவுதான், கொட்டிவிட்டாள். "என்னத்தடி கேக்கறது? சின்னவர் என்னையக் கூப்பிட்டு, 'அவருக்கு வலிப்பு எப்படியிருக்குங்க, நீங்க ஊட்டப் பாருங்க, வேலைப் பளு வேண்டாம்'னாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எங்கம்மாளுக்குத் தெரியாதுடி. இந்தச் சாமியாருக்குத் தெரியாது. உன்ற ஒருத்திகிட்டதாண்டி சொன்னேன்!"

சர்ச்சுக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலை இறக்கினாள். இறக்கிய பிறகு சொன்னதுதான் இன்னும் மோசம்.

"எனக்கு அந்த வேலை வேணும் ஸ்டெல்லான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தியானா, நீயே வெச்சுக்கடின்னு சொல்லியிருப்பேன். கேக்கக்கூட இல்லையேடி நீ."

பதினான்கு மாதம் கழித்து அவள் வாயிலிருந்து 'டி' கேட்கிறேன். திட்டு வாங்கும்போதே அது காதுக்கு இதமாக இருந்தது. என்ன ஜென்மமோ நான்.

"தப்புத்தான். பூஜையன்னிக்கு மைக்குல, எல்லாருக்கும் முன்னாடி சொல்லிப்போடறேன்" என்றேன். பெரிய தியாகம் செய்கிற மாதிரிதான் சொன்னேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னன்னு சொல்லுவே? அவருக்கு வலிப்புன்னு மறுக்கா நூத்தம்பது பேருக்குச் சொல்லுவியா? என்ற மவ மாமியா ஊட்டுக்கு இன்னும் தெரியாது. உன்ற மனசு லேசாகறதுக்கு என்ற ஊட்டு விசயந்தான் கெடச்சுதா?"

அதுவரை இது என் புத்திக்கு எட்டவே இல்லை.

"நான் வர்லே. போ" என்று சொல்லிவிட்டு நடந்தாள். செபஸ்தியான் அண்ணன் தூரத்தில் நின்று எனக்குக் கையசைத்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறது. நானும் கையசைத்தேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

ராகிக் களி. இரண்டு உருண்டை.

சின்னவர் அறைக்குப் போனேன். அவர் எதிலோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஸ்டெல்லாவைப் பற்றி அன்று சொன்னது வேலைக்கு ஆசைப்பட்டுச் சொன்னது, அவளால் முடியாது என்று நினைத்துச் சொன்னதில்லை என்றேன்.

"அது முடிஞ்சு போன கதையில்லீங்களா? நீங்க நல்லாத்தான பாத்துக்கறீங்க" என்றார் நிமிராமலே.

"அந்த விசயத்த வேற யார்கிட்டயாச்சும் சொன்னீங்ளா சார்?"

"இல்லீங்களே."

"சொல்லீராதீங்க சார். அது என்ற விசயமில்லீங்க. அவ விசயம்."

அப்போதுதான் பேனாவை மூடினார். "நான் அவங்களையே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க. உதவி பண்றேன்னு நெனச்சுட்டேன்" என்றார். திட்டுவார், வேலையைக்கூடப் பிடுங்குவார் என்று பயந்து போனவள் நான். இவர் என்னைவிடச் சங்கடப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு விதத்தில் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

அக்டோபர் 10, வியாழன்

நாளை பூஜை. டிஸ்பாட்ச் முழுக்கக் கழுவி, தராசு, பேக்கிங் மெஷின், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. மேஜைக்கு வைக்கும்போது இடப்பக்கத்து மேஜைக்கும் சேர்த்து வைத்தேன். அங்கே இப்போது பிரிண்டர் இருக்கிறது.

பக்கத்து சீட்டின் இரண்டு வார்த்தையை எழுதி எழுதிக் கிழிக்கிறேன். வந்தால் என்ன சொல்வது, வராவிட்டால் என்ன சொல்வது, இரண்டுக்கும் தனித்தனியாக. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு வார்த்தைக்கு இத்தனை காயிதமா?" என்றார். அவர் ஒரு நாளைக்கே இரண்டு வார்த்தைதான் பேசுவார், அவருக்கு என்ன தெரியும்?

உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் அவள் வீட்டு உண்மையைத் தொடாமல், என்னுடையதை மட்டும் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் பிரித்துப் பிரித்து பேக்கிங் செய்தவளுக்கு இதைப் பிரிக்க வரவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

பொரி, கடலை, சுண்டல், ஒரு லட்டு. டாக்டர் மன்னிக்கட்டும்.

எட்டரைக்கே வாசலில் போய் நின்றேன். மகுடேஸ்வரன் தான் அழைத்த மூன்று பேரையும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். ஒவ்வொருவராக வந்தார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கத்து சீட் ஓடி வந்தது. பத்து மணிக்குப் பூஜை மணி அடித்தது. வாசலில் நானும் வாட்ச்மேனும் மட்டும். மஞ்சள் பேட்ஜை ரகுநந்தன் என்னிடம் கொடுத்து வைத்திருந்தார், கையில் வியர்த்து அதன் முனை சுருண்டுவிட்டது.

பத்தே காலுக்கு ஆட்டோ வந்து நின்றது. அரக்குச் சேலை, தலையில் கனகாம்பரம். இறங்கி, ஆட்டோக்காரரிடம் நிதானமாகச் சில்லறை வாங்கி, என் முன்னால் வந்து நின்றாள்.

"உனக்காக வர்லே. பத்தொம்பது வருசம் சோறு போட்ட எடம். கூப்ட்டா வராம இருந்தா மரியாதை இல்லே" என்றாள். பேட்ஜைப் பார்த்தாள். "மஞ்சளா? எதுக்கு?"

"போட்டிக் கம்பெனிக்குப் போனவிய அசெம்பிளி பக்கம் போகப்படாதாம்."

"அந்த ஓட்டை பம்ப்பத் திருடறதுக்கு நான் பட்டுச் சேலை கட்டிட்டு வந்திருக்கேனாக்கும்?" என்று சொல்லிக்கொண்டே குத்திக்கொண்டாள். பிறகு என் முழங்கையைப் பிடித்தாள், வலிக்கும்படி. "மைக்குல அந்த விசயத்தப் பத்தி மூச்சு விட்டே, அப்பவே எந்திரிச்சுப் போயிருவேன்."

பின்வரிசையில் உட்காரப் போனவளை முன்வரிசைக்கு இழுத்துப் போனேன். அறிமுகம் ஆரம்பித்தது. மகுடேஸ்வரன் ஆளுக்குப் பத்து நிமிஷம் பேசினார். என் முறை வந்தபோது எழுதி வைத்த காகிதம் ஒன்றும் கையில் இல்லை. கைப்பை எங்கேயோ இருக்கிறது. மைக்கைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தேன். அவள் எழுந்து போகத் தயாராக நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"இவ ஸ்டெல்லா. பத்தொம்பது வருசம் எனக்குப் பக்கத்து சீட்டு. இவ அனுப்புன சரக்கு ஒண்ணுகூட மாறிப் போனதில்லீங்க. சூப்பர்வைசர் வேலை இவளுக்குத்தான் வந்திருக்கோணும். வராமப் போனது என்னாலதான். என்ன, எப்படின்னு யாரும் கேக்காதீங்க, சொல்றதுக்கில்லை. இவ மேல ஒரு தப்பும் இல்லீங்க. தப்பு முழுக்க என்னோடது. அவ்வளவுதானுங்க."

சின்னவர் தலையைக் குனிந்துகொண்டார். ரகுநந்தனுக்கு அறிமுகம் முடிந்தால் கைதட்ட வேண்டும் என்று மட்டும்தான் தெரியும். தட்டிவிட்டார். அவரைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள். தன் தப்பைச் சொன்னதற்குக் கைதட்டல் வாங்கியது எங்கள் கம்பெனியில் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். வெட்கத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஸ்டெல்லா எழுந்து போகவில்லை. கைதட்டவும் இல்லை. நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூக்கு மட்டும் சிவந்திருந்தது.

எல்லாம் முடிந்து அவளை வாசல் வரை கொண்டு விட்டேன். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு வெளியே தலையை நீட்டினாள்.

"ரெண்டு வார்த்தையில எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சுக்காதே. அன்னிக்கு சர்ச் வாசல்ல பாதித் திட்டுத்தான் திட்டியிருக்கேன். ஞாயித்துக்கெழம அவரு மவ ஊட்டுக்குப் போறாரு, நான் தனியாத்தான் இருப்பேன். பத்து மணிக்கு வந்து சேரு."

அக்டோபர் 13, ஞாயிறு

பத்துக்குச் சொன்னாள், ஒன்பதரைக்கே போய்விட்டேன். சாயங்காலம் வரை திட்டினாள். அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்கிறாள்.